பழைய கொட்டிலில் கோழி அடைக்கும் முன்

போன ஆடி மாதம், காலை ஆறரை மணிக்கு ஒரு போன். "டாக்டரம்மா, பன்னெண்டு கோழியில ஏழு செத்துக் கிடக்கு. போட்ட பூட்டு போட்டபடியே இருக்கு. என்ன நோயின்னு தெரியல, கொஞ்சம் வந்து பாருங்க."

போய்ப் பார்த்தால் நோய் எதுவும் இல்லை. ஏழு கோழிக்கும் கழுத்தில் கடி. தின்றது ஒன்றை மட்டும்தான், அதுவும் பாதி. கதவில் இடுக்கு இல்லை, கூரையிலும் ஓட்டை இல்லை. சுவரை ஒட்டிச் சுற்றி வந்தபோது பின்மூலையில், தரையோடு தரையாக, ஒரு துவாரம் இருந்தது. மாட்டு மூத்திரம் வெளியே ஓடுவதற்காக அந்தக் காலத்தில் விட்டது. அகலம் நான்கு அங்குலம் இருக்கும். கீரி வந்து போக அது தாராளம்.

அந்த அக்கா பசுவை விற்றுவிட்டுக் காலியாகக் கிடந்த கன்றுக்குட்டிக் கொட்டிலைக் கோழிக்கு ஒதுக்கியிருந்தார். யோசனை நல்ல யோசனைதான். சுவரும் கூரையும் ஏற்கெனவே நிற்கின்றன. புதுக்கூடு கட்டும் செலவில் பெரும்பகுதி மிச்சம். என்னிடம் கேட்பவர்களுக்கு நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆட்டுக்கொட்டில், பழைய குளியலறை, மோட்டார் ரூம், விறகுக் கொட்டகை என்று எதையும் கோழிக்கூடாக மாற்றலாம். ஆனால் அவை வேறு ஒன்றுக்காகக் கட்டப்பட்டவை. கன்றுக்குட்டிக்கு அந்த நான்கு அங்குலத் துவாரம் வசதி. கோழிக்கு அதுவே எமன். சுவரில் மிச்சமான பணத்தில் ஒரு பங்கையாவது அடைப்பதற்கும் சுத்தம் செய்வதற்கும் எடுத்து வையுங்கள் என்று அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன்.

முதலில், அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். மோட்டார் ரூமாக இருந்தால் உரமும் பூச்சிமருந்தும் அங்கேதான் அடுக்கியிருப்பார்கள். ஒரு வீட்டில் கோழிகளை விட்ட இரண்டாம் நாளே நான்கு செத்தன. மூலையில் கிழிந்த பையிலிருந்து கொட்டிய குருணை மருந்து மண்ணோடு கலந்து கிடந்தது. குருணை என்றாலே கோழி கொத்தும். அதற்கு அரிசிக்குருணையும் மருந்தும் ஒன்றுதான். இப்படிப்பட்ட அறையில் மண்தரை என்றால் மேல்மண்ணை அரை அடிக்கு வெட்டி எடுத்து, கோழியும் குழந்தையும் போகாத இடத்தில் ஆழமாகப் புதைத்துவிட்டுப் புதுமண் கொட்டுங்கள். மருந்து வாடை விடாமல் வந்துகொண்டிருந்தால் அந்த அறையே வேண்டாம். வேறு இடம் பாருங்கள்.

பெயின்ட் உரியும் பழைய கதவு, ஜன்னலையும் கவனிக்க வேண்டும். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்டில் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல முடியாது. உதிரும் செதிலைக் கோழி கொத்தினால் ஈயம் முட்டைக்கும் வரும், அந்த முட்டையைப் பிள்ளைகள்தான் தின்னப் போகிறார்கள். கதவைக் கழற்றிவிட்டு வேறு போடுவதே நல்லது.

எல்லாவற்றையும்விட என்னை அலைக்கழித்த கேஸ் ஒரு பழைய கோழிக்குடாப்பு. தாத்தா காலத்தில் செங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியது, ஒரு வருடத்துக்கு மேல் காலியாகவே கிடந்தது. பேரன் அதைக் கூட்டிப் பெருக்கிப் பதினைந்து சிறுவிடைக் கோழிகளை விட்டார். மூன்று வாரத்தில் கொண்டை வெளுத்து, தலை தொங்கி, ஒவ்வொன்றாக உட்கார ஆரம்பித்தன. பகலில் போய்ப் பார்த்தேன், உடம்பில் ஒன்றும் கண்ணில் படவில்லை. மனது கேட்காமல் இரவு ஒன்பது மணிக்கு டார்ச்சோடு மறுபடி போனேன். சுவர் வெடிப்பிலிருந்து கோழிகளை நோக்கி உண்ணிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன.

கோழி உண்ணி பகலில் வெடிப்புக்குள் பதுங்கும், இரவில் வந்து ரத்தம் குடிக்கும், விடிவதற்குள் திரும்பிவிடும். தீனியே இல்லாமல் ஒரு வருடத்துக்கும் மேல் உயிரோடு இருக்கும். செல் என்று நாம் சொல்லும் சிவப்புப் பூச்சியும் மாதக்கணக்கில் தாங்கும். அதனால், 'ரொம்ப நாளாக் காலியாத்தான் கிடக்கு, ஒன்னும் இருக்காது' என்று மட்டும் நினைக்காதீர்கள். வெடிப்புகளைச் சிமென்ட் வைத்து அடைத்துப் பூசுங்கள். பழைய மரச்சட்டங்களை எடுத்துவிடுங்கள். தரையையும் சுவரையும் முதலில் உலர்ந்தபடியே சுரண்டி, பிறகு சலவை சோடா கரைத்த நீரால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் சுண்ணாம்பு அடியுங்கள். சாணியும் எச்சமும் ஒட்டியிருக்கும்போதே கிருமிநாசினி தெளிப்பது வீண் செலவு. அழுக்கின் மேல் அதன் வேலை நடக்காது. எல்லாம் முடிந்தபின் இரண்டு வாரமாவது வெயிலும் காற்றும் பட விட்டு, அப்புறம் கோழியை விடுங்கள்.

சரி, அடைப்புக்கு வருவோம். கடையில் கோழி வலை என்று கேட்டால் அறுகோணக் கண் வைத்த மெல்லிய கம்பி வலையைக் கொடுப்பார்கள். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும். நாயும் மரநாயும் உள்ளே வராமல் அதனால் தடுக்க முடியாது, இழுத்தால் பிய்ந்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்த கெட்டியான வலை வாங்குங்கள். ஜன்னல், கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்து, நீர் வெளியேறும் துவாரம் எல்லாவற்றிலும் அதை அறையுங்கள். எலியையும் முட்டைக்கு வரும் பெரிய பாம்பையும்கூட அது நிறுத்தும். மண்தரையாக இருந்தால் சுவரோரமாக வெளிப்பக்கத்தில் ஒரு அடி ஆழத்துக்கு வலையை இறக்கிப் புதைக்க வேண்டும்; தோண்டி வருவது அங்கேதான். கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் அங்கே ஒரு தகரப்பட்டை அடித்துவிடுங்கள்.

அடைக்கும் வேகத்தில் காற்றையும் சேர்த்து அடைத்துவிடுபவர்கள் நிறையப் பேர். பழைய குளியலறைகளில் இதுதான் பெரிய சிக்கல். எதிரெதிர்ச் சுவர்களின் மேல்வரிசையில் இரண்டிரண்டு செங்கல்லைப் பெயர்த்துவிட்டு அந்த இடத்தில் வலை போட்டால் போதும், சூடான காற்றும் அம்மோனியா வாடையும் மேலே போய்விடும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது, கொட்டகைக்குள் நுழைந்ததும் கோழி நிற்கும் உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பார்ப்போம். அங்கே கண் எரிந்தால் காற்று போதவில்லை. இன்றும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். ஆஸ்பெஸ்டாஸோ தகரமோ மேலே இருந்தால் சித்திரை வெயிலுக்குத் தென்னங்கீற்று வேய்ந்துவிடுங்கள். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும்.

பகலில் மேய்ந்துவிட்டு இரவில் மட்டும் அடையும் கோழிக்கு 2 சதுர அடி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அக்காவின் கொட்டில் 8 அடிக்கு 6 அடி, கணக்குப்படி 24 கோழிக்கு இடம் உண்டு. ஆனால் நான் பதினெட்டோடு நிறுத்தச் சொன்னேன், காரணம் பரண்கம்பு, அதாவது கோழி இரவில் ஏறி உட்காரும் கம்பு. ஒரு கோழிக்கு 20 சென்டிமீட்டர் கம்பு வேண்டும். 6 அடியில் இரண்டு சவுக்குக் கம்பு போட்டால் அங்கே 18 கோழி உட்காரும். இரண்டு கம்பையும் ஒரே உயரத்தில் கட்டுங்கள். படிப்படியாகக் கட்டினால் எல்லாம் மேல்கம்புக்குத்தான் சண்டை போடும், கீழே உட்கார்ந்தவற்றின் முதுகில் எச்சம் விழும். சிமென்ட் தரையாக இருந்தால் மூன்றடிக்கு மேல் வேண்டாம். குதித்துக் குதித்துப் பாதத்தில் கட்டி வந்துவிடும், அதைக் கீறி ஆற்றுவது பெரிய பாடு. தரையில் இரண்டு மூன்று அங்குலத்துக்கு உமியோ கடலைத்தோலோ போட்டு வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள், ஈரமானதை அள்ளிவிடுங்கள்.

முட்டையிட நான்கைந்து பெட்டைக்கு ஒரு பழைய கூடையோ உடைந்த பானையோ போதும். இருட்டான மூலையில், கம்பைவிடத் தாழ்வாக வையுங்கள். உயரமாக வைத்தால் அதிலேயே தூங்கி முட்டையை அழுக்காக்கும்.

கூடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் காலியாகிவிடும். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ தடுப்பு மருந்து ஒரு சொட்டு, 8 வாரத்தில் ஒரு தடுப்பூசி. கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி வாக்கில் இதற்கென்றே இருவார முகாம் நடத்துவது வழக்கம், செலவில்லை. அருகிலுள்ள மருந்தகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா துவாரத்தில் வெல்டு மெஷ் வைத்துச் சிமென்ட் பூசிவிட்டார். மெஷ், சிமென்ட், கம்பு, சுண்ணாம்பு எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய் ஆனது என்றார். மிஞ்சிய ஐந்தோடு எட்டுக் குஞ்சு சேர்த்திருக்கிறார். போன வாரம் நான் போனபோது மாதம் ஒருமுறை செய்யும் சோதனையை எனக்குக் காட்டினார். இருட்டியபின் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய், ஒரு வெள்ளைத் துணியால் பரண்கம்பின் அடிப்பக்கத்தை அழுத்தித் துடைத்தார். துணியில் செம்புள்ளி விழுந்தால் செல் வந்துவிட்டது என்று அர்த்தம். அன்று துணியில் தூசி மட்டும்தான் இருந்தது.