கடலுக்கு முன்பே வந்துசேரும் உப்பு

காலநிலை மாற்றத்தால் வங்கதேசத்துக்கு என்ன ஆகும் என்று விளக்கும்போது பெரும்பாலும் ஒரு வரைபடத்தைக் காட்டுவார்கள். கடல் மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தால் தெற்கே எவ்வளவு நிலம் நீருக்குள் போகும் என்று நீல நிறம் தீட்டிய படம் அது. அதில் கடல் மட்டுமே நகர்கிறது, நிலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்பதுதான் அதன் குறை. கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆகிய மூன்று ஆறுகளும் கொட்டிய வண்டலால் உருவான இந்த டெல்டா, தன் எடையாலேயே ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அமுங்கிக்கொண்டும், ஆறு கொண்டுவரும் புது மண்ணால் மீண்டும் உயர்ந்துகொண்டும் இருக்கும் நிலம். மேலும், கடல்நீர் ஒரு வயலை மூடுவதற்கு வெகுகாலம் முன்பே கடலின் உப்பு அங்கு வந்துசேர்ந்துவிடுகிறது. குல்னா, சாத்கீரா, பாகேர்ஹாட் ஆகிய தென்மேற்கு மாவட்டங்களில் இப்போது நடந்துகொண்டிருப்பது இதுதான். அந்நாட்டின் மண்வள நிறுவனம் எடுத்த அளவீடுகளின்படி, கடலோர மாவட்டங்களில் உப்பு ஏறிய நிலம் 1973இல் சுமார் 8.3 லட்சம் ஹெக்டேராக இருந்தது. 2009இல் அது 10.5 லட்சம் ஹெக்டேரைத் தாண்டிவிட்டது.

உப்பு எவ்வாறு உள்ளே வருகிறது என்பதை ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து தொடங்குவது நல்லது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. ஆகையால் அது ஆற்றுநீரைவிடச் சுமார் இரண்டரை விழுக்காடு கனமானது. இந்தச் சிறிய வேறுபாடு போதும், ஆற்றுநீர் மேலே கடலை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே கடல்நீர் அதன் அடியில் புகுந்து நாட்டுக்குள் நகர. எவ்வளவு தூரம் நகரும் என்பதை இரண்டு அழுத்தங்கள் தீர்மானிக்கின்றன: மேலிருந்து வரும் நன்னீரின் அளவு ஒன்று, கீழிருந்து தள்ளும் கடலின் உயரம் மற்றொன்று. பருவமழைக் காலத்தில் ஆறுகள் பெருக்கெடுத்து உப்பைக் கடலுக்கே திருப்பித் தள்ளிவிடுகின்றன. கோடை தொடங்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நிலைமை தலைகீழாகிவிடுகிறது.

தென்மேற்கு வங்கதேசத்தில் இந்த இரண்டு அழுத்தங்களும் ஒரே திசையில் மாறிவிட்டன. கங்கையின் நன்னீரை அப்பகுதிக்குக் கொண்டுவரும் முக்கியக் கிளையாறு கோராய். 1975இல் இந்தியாவில் பராக்கா தடுப்பணை செயல்படத் தொடங்கி, கொல்கத்தா துறைமுகத்தின் பொருட்டு நீரை ஹூக்ளி ஆற்றுக்குத் திருப்பியபின், கோடையில் கோராய்க்கு வரும் நீர் வெகுவாகக் குறைந்தது. அதன் வாய் மணல் மேடிட்டுப் போனதால், பிற்பாடு தூர்வார வேண்டியும் வந்தது. மறுபுறம் கடல் உயர்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2006 முதல் 2018 வரையிலான காலத்தில் மட்டும் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் உயர்ந்தது. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் எண்தான் இது. ஆனால் கடலிலிருந்து நூறு கிலோமீட்டர் உள்ளே போனாலும் தரை சில மீட்டர் உயரமே இருக்கும் ஒரு நாட்டில், ஆற்றின் சரிவும் அதே அளவுக்குத் தட்டையானது. எனவே கடல் சில சென்டிமீட்டர் உயர்ந்தால்கூட உப்பு நெடுந்தூரம் உள்ளே வந்துவிடுகிறது.

ஆற்றில் வந்த உப்பு வயலுக்கு ஏறும் வழி வேறு. அங்கே நிலத்தடி நீர் ஆழத்தில் இல்லை. கோடையிலும் தரைக்கு ஓரிரு மீட்டர் கீழேதான் இருக்கிறது, அதுவும் உப்பாக. மழை நின்று மேல்மண் காயத் தொடங்கியதும், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சி ஏற்றுவதுபோல், நுண்ணிய களிமண் அந்த நீரை மேலே இழுக்கிறது. மேலே வந்த நீர் வெயிலில் ஆவியாகிறது. அதில் இருந்த உப்பு போவதற்கு இடமின்றித் தங்கிவிடுகிறது. ஏப்ரலில் குல்னா மாவட்டத்தின் தாகோப் பகுதியில் தரிசு வயல்களில் மண் பாளம்பாளமாக வெடித்து, ஒவ்வொரு பாளத்தின் விளிம்பிலும் வெண்மையாகப் பூத்திருப்பது இப்படி ஏறிய உப்புதான். அதிலுள்ள சோடியம் களிமண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் பிரித்துவிடுவதால், அடுத்த மழையில் மண் சேறாகக் குழைந்து, காய்ந்ததும் கட்டாந்தரையாக இறுகி, நீர் உள்ளிறங்கும் துளைகளும் அடைபட்டுப் போகின்றன. மழை இந்த உப்பைக் கழுவிக் கீழே இறக்கிவிடும் என்பது உண்மையே. பருவமழைக் கால நெல்லான ஆமன் இன்னும் அங்கே விளைவது அதனால்தான். மழை பிந்தினாலும், இடையில் நீண்ட வறட்சி வந்தாலும், அந்தக் கழுவல் முழுமை பெறாமல் நின்றுவிடுகிறது.

நெற்பயிர் உப்பைத் தாங்காத பயிர். வேரைச் சுற்றி உப்பு மிகுந்தால் முதலில் ஏற்படுவது தாகம்: மண்ணில் ஈரம் கண்ணுக்குத் தெரியும், ஆனால் உப்பு மிகுந்த பக்கத்துக்கே நீரை இழுக்கும் சவ்வூடுபரவல் எதிராக இருப்பதால் வேரால் அதை உறிஞ்ச முடியாது. சில நாள்களுக்குப் பின் இரண்டாவது கேடு தொடங்குகிறது. பொட்டாசியத்தைப் போலவே தோற்றமளிக்கும் சோடியம் அயனிகள் வேர் வழியே நுழைந்து, நீரோட்டத்தோடு இலைக்குப் போய், நொதிகளின் வேலையைக் கெடுக்கின்றன. முதிர்ந்த இலைகளின் நுனி வெளுத்துச் சுருண்டு, பிறகு முழு இலையும் கருகுகிறது. நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் இந்தப் பாதிப்பு கடுமையாக இருக்கும். பூக்கும்போது தாக்கினால் பயிர் பச்சையாகவே நிற்கும், கதிரில் பதர்தான் மிஞ்சும். கேரளத்தின் உவர் வயல்களில் விளையும் பொக்காளி நெல்லில், சோடியத்தை இலைக்குப் போகவிடாமல் வழியிலேயே திரும்ப எடுத்துக்கொள்ளும் திறன் ஒரு மரபுப் பகுதியில் அமைந்திருப்பதைக் கண்டறிந்தபின், உப்பைத் தாங்கும் ரகங்களை உருவாக்கும் பணி வேகமெடுத்தது. வங்கதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 2007இல் பிரி தான் 47 என்ற ரகத்தை வெளியிட்டது. அது உப்பைத் தாங்கியது. ஆனால் முதிர்ந்த கதிரிலிருந்து மணிகள் எளிதில் உதிர்ந்ததால் உழவர்கள் அதை அவ்வளவாக விரும்பவில்லை. 2014இல் வந்த பிரி தான் 67 அக்குறையைப் பெருமளவு போக்கியது. ஆயினும் எந்த ரகத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

வயலைவிட அவசரமானது குடிநீர். அப்பகுதியில் மேல்மட்ட அடிபம்பு நீர் பல இடங்களில் உப்பு. உப்பில்லாத இடங்களில் ஆர்செனிக் கலந்திருக்கக்கூடும். எனவே மழைநீரைக் குளத்தில் தேக்கி, மணல் வடிகட்டியில் ஊற்றிக் குடிக்கிறார்கள். புயலலை ஒருமுறை கரையைத் தாண்டிவிட்டால் குளமும் உப்பாகிவிடும். தாகோப் பகுதிக் கர்ப்பிணிகளிடம் நடத்தி 2011இல் வெளியான ஓர் ஆய்வு, கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம் மழைக்காலத்தைவிடக் கோடையில் அதிகம் பதிவாவதைக் காட்டியது. குடிநீர் வழியாக மட்டுமே அளவுக்கு மீறிய சோடியம் அவர்கள் உடலில் சேர்ந்திருந்தது. உடல் அதிகப்படியான சோடியத்தை நீர்க்கச் செய்ய நீரைத் தேக்கிவைக்கும், ரத்தத்தின் கன அளவு கூடும், அழுத்தம் ஏறும். காலநிலை மாற்றத்தின் விளைவு ஒரு கருவுற்ற பெண்ணின் ரத்த அழுத்த அளவீட்டில் வந்து நிற்கும் என்பதை நீல நிற வரைபடங்கள் சொல்வதில்லை.

இதுவரை சொன்னவற்றில் கடலும் ஆறும் மட்டுமே வந்தன. மனிதர் எழுப்பிய கரைகளை விட்டுவிட்டால் இந்தக் கதை பாதிதான். முன்காலத்தில் அப்பகுதி உழவர்கள் எட்டு மாதங்களுக்கு மட்டும் தாழ்வான மண்கரை கட்டி உப்புநீரைத் தடுப்பார்கள். மழைக்காலத்தில் அதை வெட்டிவிட்டு, வெள்ளமும் வண்டலும் வயலுக்குள் பரவ விடுவார்கள். 1960களில், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில், நிரந்தரமான கடலோரக் கரைத் திட்டம் தொடங்கியது. காலப்போக்கில் 139 கரைசூழ் தீவுகள் உருவாயின. நெதர்லாந்து முறையைத் தழுவிய இவற்றைப் போல்டர் என்பார்கள். விளைச்சல் கூடியது, அந்த வகையில் திட்டம் வெற்றிதான். ஆனால் உப்பைத் தடுத்த கரை, ஆண்டுக்குச் சுமார் நூறு கோடி டன் என்று மதிப்பிடப்படும் வண்டலில் தன் வயலுக்கு வரவேண்டிய பங்கையும் தடுத்துவிட்டது. உள்ளே இருந்த நிலம் அமுங்கிக்கொண்டே போனது, ஈடுசெய்யப் புது மண் வரவில்லை. வெளியே, பரவ இடமில்லாத வண்டல் ஆற்றுப் படுகையிலேயே படிந்தது. முன்பு வெளியெங்கும் விரிந்த ஓதநீர், அதாவது கடல் ஏற்றத்தின்போது ஆற்றில் ஏறிவரும் நீர், இப்போது கால்வாய்களுக்குள் அடைபட்டு முன்னைவிட உயரமாக எழுந்தது. இன்று அந்தக் கரையில் ஓத வேளையில் நின்றால், ஒருபுறம் ஆற்றுநீரின் மட்டமும் மறுபுறம் அதைவிடத் தாழ்ந்த நெல்வயலும் ஒரே பார்வையில் தெரியும்.

இந்த வேறுபாட்டை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். சுந்தரவனத்தை ஒட்டியுள்ள 32ஆம் எண் போல்டரின் தரை, கரையில்லாத பக்கத்துக் காட்டின் தரையைவிட ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் தாழ்ந்திருக்கிறது. ஐம்பது ஆண்டுகளில் கடல் மட்ட உயர்வால் மட்டும் இவ்வளவு பெரிய இழப்பு ஏற்பட்டிருக்க முடியாது. காட்டில் ஓதநீர் நாளுக்கு இருமுறை ஏறி, அலையாத்தி வேர்களிடையே வேகம் குறைந்து, சிறிது மண்ணை விட்டுச் செல்கிறது. அதனால் அந்தத் தரை கடலோடு சேர்ந்தே உயர்ந்துவந்திருக்கிறது. 2009 மே மாதம் அய்லா புயல் 32ஆம் போல்டரின் கரையைப் பல இடங்களில் உடைத்தபோது, கரை சீராகும்வரை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஓதநீர் ஊருக்குள் வந்துபோனது. மக்கள் கரையின் மேலேயே குடிசை போட்டு வாழ்ந்தார்கள். அவ்விரு ஆண்டுகளில் உள்ளே பல பத்து சென்டிமீட்டர் வண்டல் படிந்தது. பல பத்தாண்டுகளில் சேரவேண்டிய மண் அது. பேரழிவும் நிலத்துக்கான மருந்தும் ஒரே உடைப்பின் வழியாக வந்தன.

புயல்களைப் பொறுத்தவரை, வங்கதேசம் உயிர்காப்பதில் பெரிதும் தேறிவிட்டது. 1970இல் போலா புயலில் 3 முதல் 5 லட்சம் பேரும், 1991 புயலில் சுமார் 1,40,000 பேரும் மாண்டனர். 2020இல் ஆம்பன் வந்தபோது 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டு, உயிரிழப்பு மிகச் சில பத்துகளோடு நின்றது. எச்சரிக்கையாலும் புகலிடங்களாலும் ஆளைக் காப்பாற்றலாம், மண்ணைக் காப்பாற்ற முடியாது. வடக்கே குறுகியும் ஆழமற்றும் அமைந்த வங்காள விரிகுடாவில் காற்று தள்ளும் நீர் பக்கவாட்டில் ஓட வழியின்றி மேலெழுகிறது. உயர்ந்துவிட்ட கடல் மட்டம் அந்த எழுச்சி இன்னும் உயரமான இடத்திலிருந்து தொடங்கும்படி செய்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குல்னா, சாத்கீரா வயல்களின் உப்பு முழுவதையும் காலநிலையின் தலையில் கட்டிவிடுவது நேர்மையாகாது. 1980கள் முதல் ஏற்றுமதிக்கான இறால் வளர்ப்புக்காகக் கரையைத் துளைத்து, குழாய் பதித்து, வேண்டுமென்றே உப்புநீரை உள்ளே விட்டார்கள். பணமுள்ளவர் ஒருவர் உப்புநீர் தேக்கினால், அது கசிந்து பக்கத்து வயல்காரரின் நெல்லும் பட்டுப்போகும். அவரும் இறாலுக்கு மாறுவார், அல்லது நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நகரத்துக்குப் போவார். உலகின் பசுங்குடில் வாயு வெளியீட்டில் ஏறத்தாழ அரை விழுக்காட்டுப் பங்கே வங்கதேசத்தினுடையது என்பது இதனால் மாறிவிடாது. ஆனால் இழப்பீடு கேட்கும்போது எந்த உப்பு யாரால் வந்தது என்ற கேள்வி எழத்தான் செய்யும். 2022இல் எகிப்தின் ஷார்ம் எல்-ஷேக் நகரில் கூடிய ஐ.நா. காலநிலை மாநாடு, பாதிக்கப்படும் ஏழை நாடுகளுக்கென ஒப்புக்கொண்ட ‘இழப்பு, சேத’ நிதியமும் அதற்குப் பதில் தேடியாக வேண்டும்.

தீர்வாகச் சொல்லப்படுபவற்றுள் எனக்கு அதிக நம்பிக்கை தருவது பொறியாளர்களின் ஏட்டிலிருந்து வந்ததன்று. வடிகால் இன்றி ஆண்டுக்கணக்கில் நீர் தேங்கிக் கிடந்த டாகாத்தியா தாழ்நிலத்தில், 1990இல் ஊர் மக்களே கரையை வெட்டினார்கள். 1997இல் ஹரி ஆற்றங்கரையில் பாயினா தாழ்நிலத்தில் அதுவே மீண்டும் நடந்தது. ஓதநீர் உள்ளே வந்து வண்டலை இறக்கிவிட்டு, தெளிந்த நீராகத் திரும்பும்போது ஆற்றின் அடியை அரித்து ஆழப்படுத்தியது. தாழ்நிலம் உயர்ந்தது, ஆறும் திறந்தது. அரசு பின்னர் இம்முறையை ஏற்றுக்கொண்டது. சிக்கல் அறிவியலில் இல்லை. ஒரு தாழ்நிலத்தைத் திறந்தால் அதன் உழவர்கள் சில ஆண்டுகள் பயிரில்லாமல் இருக்க வேண்டும். அதுவரை அவர்களுக்கு யார் சோறு போடுவது என்பதிலும், நில ஆவணம் கேட்கும் இழப்பீட்டு விதிகளிலும்தான் பல முயற்சிகள் முட்டி நின்றன.

வண்டல் நிலத்தை உயர்த்தினாலும் கோடையில் உப்பைத் தள்ள நன்னீர் வேண்டும், அது கங்கையிலிருந்துதான் வரவேண்டும். இந்தியாவும் வங்கதேசமும் 1996 டிசம்பரில் செய்துகொண்ட கங்கை நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம், ஜனவரி முதல் மே முடிய பராக்காவுக்கு வரும் நீரைப் பத்துப் பத்து நாள்களாகக் கணக்கிட்டுப் பிரிக்கிறது; வரத்து விநாடிக்கு 70,000 கனஅடியோ அதற்குக் குறைவோ ஆனால் பாதிக்குப் பாதி. அந்த அட்டவணைக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்பட்டது 1949 முதல் 1988 வரையிலான சராசரி நீர்வரத்து. ஒப்பந்தத்தின் காலம் 30 ஆண்டுகள், அதாவது 2026 டிசம்பர் வரை. அடுத்த ஒப்பந்தம் எந்த ஆண்டுகளின் நீர்வரத்தைக் கங்கையின் இயல்பாகக் கொள்ளப்போகிறது என்பதைப் பொறுத்தே கோராய் ஆற்றில் ஏப்ரல் மாதம் உப்பு எந்த ஊர் வரை ஏறும் என்பது அமையும்.