எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் சொல்லிக்கொடுக்கலாம்: உல்லாஸ் திட்டத்தில் தன்னார்வலர் ஆவது எப்படி?

உல்லாஸ் என்று அழைக்கப்படும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022-23 முதல் 2026-27 வரைக்குமானது. 15 வயதோ அதற்கு மேலோ ஆகியும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அடிப்படை எழுத்தும் எண்ணும் கற்றுத்தருவது இதன் வேலை. மொத்த ஒதுக்கீடு ரூ.1,037.90 கோடி. இதில் ரூ.700 கோடி மத்திய அரசின் பங்கு, மீதி மாநிலங்களுடையது. இலக்கு 5 கோடிப் பேர். வகுத்துப் பார்த்தால் தலைக்கு இருநூறு ரூபாய்ச் சொச்சம்தான் வரும். பாடம் எடுப்பவருக்குச் சம்பளம் இருக்காது என்பது அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. 2018 மார்ச்சுடன் முடிந்த முந்தைய எழுத்தறிவுத் திட்டமான சாக்ஷர் பாரத்தில், ஊராட்சி மையத்தைப் பார்த்துக்கொண்ட பிரேரக் என்ற பொறுப்பாளர்களுக்கு மாதம் ரூ.2,000 மதிப்பூதியம் இருந்தது. அந்த நினைவில் வருகிறவர்கள் இரண்டாவது மாதம் நின்றுவிடுவார்கள். உல்லாஸில் மதிப்பூதியம் கிடையாது. பதிவுக் கட்டணமோ முன்பணமோ கிடையாது. அப்படி யாராவது கேட்டால் அது மோசடி.

கற்பவருக்கு மேல் வயது வரம்பு இல்லை. சொல்லிக்கொடுப்பவருக்கு பி.எட். தேவையில்லை. கல்லூரி மாணவர்கள், வீட்டிலிருக்கும் பெண்கள், ஓய்வு பெற்றவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என யாரும் சேரலாம். பள்ளிப் பிள்ளைகளையும் திட்டம் எதிர்பார்க்கிறது. பேத்தி தன் பாட்டிக்கு வீட்டுத் திண்ணையில் சொல்லிக்கொடுத்தாலும் கணக்கில் சேரும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி செய்ய வேண்டும். அதில் இதைச் சேர்க்க முடியுமா என்று திட்ட அலுவலரிடம் தொடங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

சேர்வதற்கு இரண்டு வழி. ஒன்று, செல்பேசியில் உல்லாஸ் செயலியை இறக்கித் தன்னார்வ ஆசிரியராகப் பதிவது. மற்றொன்று, பக்கத்து அரசுத் தொடக்கப்பள்ளி அல்லது நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியரைப் பார்ப்பது. தமிழ்நாட்டில் இரண்டாவதே வேகமான வழி. இங்கே திட்டத்தை நடத்துவது பள்ளிசாரா மற்றும் வயது வந்தோர் கல்வி இயக்ககம். ஊரளவில் வேலை நடப்பது பள்ளிகளின் வழியாக. தலைமையாசிரியருக்குத் தெரியவில்லை என்றால் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநரைக் கேளுங்கள்.

பதிவு செய்தால் மட்டும் போதாது, இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கற்பவரின் பெயரும் செயலியில் ஏற வேண்டும், அந்தப் பெயர் உங்கள் பெயரோடு இணைக்கப்பட வேண்டும். இணைப்பு விட்டுப்போனால், ஆறு மாதம் வகுப்பு நடத்தியிருந்தாலும் உங்களிடம் யாரும் படிக்கவில்லை என்றே பதிவேடு காட்டும். முதல் வாரத்திலேயே பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கற்பவரின் பெயர் ஆதாரில் உள்ளபடியே, முதலெழுத்து உட்பட, இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்னால் சான்றிதழில் பெயரைத் திருத்த அலைவதைவிட இது எளிது.

அடிப்படைப் பாடத்துக்கு 200 மணி நேரம். நாளுக்கு இரண்டு மணி, வாரம் ஐந்து நாள் என்றால் 20 வாரம். காகிதத்தில் இது ஐந்து மாதம். நடவு, அறுப்பு, ஊர்த் திருவிழா, கல்யாண மாதங்களைக் கழித்தால் ஏழு மாதம் ஆகும். நேரத்தை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். சமையல் முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு ஏழரை மணிக்குத்தான் வர முடியும் என்று பெண்கள் சொன்னால் வகுப்பு ஏழரைக்குத்தான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, பெண்களிடம் சுமார் 73. வகுப்பில் பெண்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

சிலேட்டு கொடுப்பதற்கு முன் கண்ணைப் பாருங்கள். நாற்பதைத் தாண்டியவருக்கு வெள்ளெழுத்து இருக்கும். எழுத்து மங்கலாகத் தெரிவதை அவர் "எனக்கு மண்டையில ஏறல" என்றுதான் சொல்வார். அரசு மருத்துவமனையில் கண் பரிசோதனை செய்து, படிக்கும் கண்ணாடி வாங்கிய பிறகே பாடத்தைத் தொடங்குங்கள். மங்கலான விளக்கும் அதே அளவு கெடுதல்.

அ, ஆ என்று நெடுங்கணக்கு வரிசையில் தொடங்குவது பெரியவர்களுக்கு ஒத்துவராது. 'அ', 'ஆ', 'இ' எல்லாம் சுழித்து எழுத வேண்டியவை. பென்சில் பிடிக்காத கை அதிலேயே சோர்ந்துவிடும். நேர்கோட்டில் வரும் ட, ப, பிறகு ம, ய என்று போனால் இரண்டாம் நாளே 'படம்', 'பட்டம்' எழுதிவிடுவார்கள். இடையில் அவர்களுடைய பெயர்.

247 எழுத்து என்று சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். 12 உயிரும் 18 மெய்யும் குறியீடுகளும் பிடிபட்டால் மீதி தானாக வரும். சிக்கல் வருகிற இடங்கள் மூன்று. முதலாவது கொம்பு: 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் குறி முன்னால் வருகிறது, ஒலி பின்னால் வருகிறது, 'கொ', 'கோ'வில் இரண்டு பக்கமும். இதற்கு ஒரு வாரம் தனியாக ஒதுக்குங்கள். இரண்டாவது உகர வரிசை. கு, சு, டு, மு, று என்று ஒவ்வொன்றுக்கும் வடிவம் மாறும். விதி சொல்லிப் பயனில்லை, சொற்களில் வைத்துத்தான் பழக்க வேண்டும். மூன்றாவது ல-ள-ழ, ன-ண-ந. இதில் பிழை வந்தால் விட்டுவிடுங்கள். படித்துப் புரிந்துகொள்வதை அது தடுக்காது, அடிக்கடி திருத்தினால் ஆள் வராமல் போவார்.

கணக்கில் நிலைமை வேறு. சந்தையில் விற்கிற அம்மா வாய்க்கணக்கில் உங்களைத் தோற்கடிப்பார். அவருக்குத் தெரியாதது எழுதும் முறை. நூற்றைந்து என்பதை 1005 என்று எழுதுவார், காதில் விழுவது அப்படித்தானே. பத்து ரூபாய், நூறு ரூபாய் நோட்டுகளை வைத்து இடமதிப்பைக் காட்டினால் இரண்டு மூன்று வகுப்பில் சரியாகும். வங்கியில் பணம் எடுக்கும் படிவம், ரேஷன் கடைப் பலகை, பேருந்தின் பெயர்ப்பலகை எல்லாம் இந்தப் பாடத்துக்குள்தான் வரும். ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லக்கூடாது என்பதும் பாடம்தான். செல்பேசி, பணப் பரிமாற்ற அறிவைத் திட்டமே வாழ்க்கைத் திறன்களில் சேர்த்திருக்கிறது.

முடிவில் ஒரு மதிப்பீட்டுத் தேர்வு. மொத்தம் 150 மதிப்பெண்: படித்தல் 50, எழுதுதல் 50, எண் 50. நேரம் மூன்று மணி. ஒவ்வொரு பகுதியிலும் 33 விழுக்காடு, அதாவது 17 எடுக்க வேண்டும். காலை 10 முதல் மாலை 5 மணிக்குள் தமக்கு வசதியான நேரத்தில் வந்து எழுதலாம் என்பதால் வேலைக்குப் போகிறவர்கள் பயப்பட வேண்டாம். பலர் தவறுவது எழுதுதலில், தெரியாததால் அல்ல, வேகம் இல்லாததால். கடைசி மாதம் தினமும் அரை மணி நேரம் பார்த்து எழுத வைத்தால் போதும். தவறினால் அடுத்த சுற்றில் மீண்டும் எழுதலாம்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் தரும் இந்தச் சான்றிதழ் ஐந்தாம் வகுப்புக்கோ எட்டாம் வகுப்புக்கோ சமமானது அல்ல. வேலைக்கு ஆகும் என்று நம்பிக்கை கொடுத்துவிட்டால் பிறகு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வகுப்புத் தேர்ச்சி வேண்டுபவருக்குத் திட்டத்திலேயே அடிப்படைக் கல்வி என்று தனிப் பகுதி உண்டு. அதற்கான சமநிலைத் தேர்வைப் பற்றி, மதிப்பீட்டு முடிவு வந்ததும் அதே தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.