குவென்ச் ஆக விட்டுத்தான் மேக்னட்டைப் பழக்குறாங்க

ஜெனிவா பக்கத்துல செர்ன்ங்கற துகள் இயற்பியல் ஆய்வு மையத்துல இருக்கிற எல்எச்சி, அதாவது புரோட்டான்களை வேகமா ஓட்டி மோத விடுற மெஷின், பத்திப் பேச ஆரம்பிச்சா எல்லாரும் நேரா ஹிக்ஸ் துகளுக்குப் போயிடுறாங்க. 27 கிலோமீட்டர் வளையத்துல புரோட்டானை வளைச்சு ஓட விடுற 1232 டைபோல் மேக்னட் இல்லாம அது எதுவுமே நடந்திருக்காது. ஒவ்வொண்ணும் 15 மீட்டர் நீளம், சுமார் 35 டன் வெயிட், காயில்ல ஓடுறது கிட்டத்தட்ட 11,850 ஆம்பியர், காந்தப்புலம் 8.33 டெஸ்லா.

இவ்ளோ கரண்ட் அந்த சைஸ் கேபிள்ல போகணும்னா ரெசிஸ்டன்ஸே இருக்கக்கூடாது. அதனால நியோபியம்-டைட்டானியம் கம்பி, அதை திரவ ஹீலியத்துல 1.9 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 271 டிகிரிக்குக் குளிர வைக்கிறாங்க. ஒரு மில்லிமீட்டர் கம்பிக்குள்ள தலைமுடியை விட மெல்லிசா ஆயிரக்கணக்கான இழை, சுத்தி காப்பர்.

பிரச்சனை என்னன்னா ஃபுல் கரண்ட்ல காயில் தன்னைத்தானே வெளிய தள்ளும், ஒரு மீட்டருக்கு கிட்டத்தட்ட 400 டன் விசை. ஸ்டீல் காலர் போட்டு இறுக்கியும் ஏதோ ஒரு கம்பி சில மைக்ரான் நகர்ந்துடும், அந்த உரசல் சூடு ரொம்ப ரொம்ப கம்மிதான், ஆனா அந்தக் குளிர்ல துளி சூட்டுக்கே பொருளோட வெப்பநிலை சட்டுனு ஏறிடும், உடனே அந்த இடத்துல சூப்பர்கண்டக்டிவிட்டி, அதாவது ரெசிஸ்டன்ஸே இல்லாத நிலை, போயிடும், ரெசிஸ்டன்ஸ் வரும், இன்னும் சூடாகும், அப்படியே பரவும். இதுதான் குவென்ச். மேக்னட்ல தேங்கியிருக்கிற சுமார் 7 மெகாஜூல் எனர்ஜி ஒரே புள்ளில இறங்கினா காயில் கருகிடும். அதனால வோல்டேஜ் எகிறினதைக் கண்டுபிடிச்ச உடனே ஹீட்டரைப் போட்டு காயிலோட பெரும்பகுதியை வேணும்னே சூடாக்கிடுவாங்க! எனர்ஜி பரவலா பிரிஞ்சிடும், மேக்னட் தப்பிச்சிடும். அந்த ஹீட்டருக்கான பவர் சப்ளை சுமார் 5,500 இந்தியாவுல இருந்து போனது.

செர்ன்ல எஸ்எம்18-ங்கற ஹால்ல ஒவ்வொரு மேக்னட்டையும் குளிர வச்சு, கரண்டை ஏத்தி, குவென்ச் ஆனா ஆகட்டும்னு விட்டாங்க. நகர்ந்த கம்பி புது இடத்துல உட்கார்ந்துக்கும், அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் அதிக கரண்ட் தாங்கும். மறுபடி குளிர வைக்கவே மணிக்கணக்கா ஆகும். நம்ம அணுசக்தித் துறை எஞ்சினியர்கள் டீம் டீமா போய் இந்த வேலையில இருந்திருக்காங்க, இதை நாம பெருமையா சொல்லிக்கணும்.

ஆனா 2008 செப்டம்பர் 19-ல அடி வாங்கினது மேக்னட்டுக்குள்ள இல்ல, ரெண்டு மேக்னட்டுக்கு நடுவுல. சுரங்கத்துல வச்சு பண்ற ஜாயின்ட், எஸ்எம்18-ல டெஸ்ட் பண்ண வழியே இல்லாதது. அங்க ஆர்க் (மின்பொறி) அடிச்சு, ஹீலியம் இருந்த கலன் ஓட்டை ஆகி, டன் கணக்குல ஹீலியம் பீறிட்டு, 53 மேக்னட்டை மேல கொண்டு வர வேண்டியதாச்சு, 2009 நவம்பர்லதான் திரும்ப பீம் ஓடுச்சு. அதுக்கப்புறம் ஜாயின்ட் ரெசிஸ்டன்ஸையும் நானோ ஓம் அளவுல கண்காணிக்கிற சிஸ்டம் போட்டுட்டாங்க.

இப்போ அடுத்த கட்ட எல்எச்சிக்கு நியோபியம்-டின் மேக்னட் வருது. புலம் அதிகம் தாங்கும், ஆனா நொறுங்குற பொருள், அதனால முதல்ல காயிலைச் சுத்திட்டு அப்புறம் சுமார் 650 டிகிரில சுட்டு எடுக்கணும். சுட்டதுக்கு அப்புறம் லேசா வளைச்சாலும் போச்சு.