ஒட்டடை அடிக்கும் நாளில் மாற்றுச் சிறுநீரகக்காரர் வீட்டுக்குள் வேண்டாம்

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ நாள் குறித்துவிட்டால், மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடுகளைத் திறப்பார்கள். முகப்பு முதல் பின்கட்டு வரை ஒட்டடை அடித்து, மாடியில் புறா எச்சத்தைச் சுரண்டி எடுப்பார்கள். மற்றவர்களுக்கு அது இரண்டு நாள் தும்மல். மாற்று உறுப்போடு வாழ்பவர் அந்த நேரத்தில் உள்ளே இருக்கவே கூடாது.

புது உறுப்பை உடம்பு எதிர்க்காமலிருக்க டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், ஸ்டீராய்டு கொடுக்கிறோம். பூஞ்சையை விரட்டும் அணுக்களும் இவற்றால் அடங்கிப்போகின்றன. பழைய தூசியிலும் ஈரச்சுவரிலும் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் இருக்கும். வீட்டை இடித்துத் தேக்குத் தூண்களைப் பிரிக்கும் இடத்தில் காற்றில் இன்னும் அதிகம். புறா எச்சத்தில் கிரிப்டோகாக்கஸ் என்ற இன்னொரு பூஞ்சை இருக்கலாம். முதல் ஆறு மாதம்தான் ஆபத்து மிகுதி என்றாலும், கிரிப்டோகாக்கஸ் ஆண்டுகள் கழித்தும் வருவதுண்டு.

சென்னையிலிருந்து படைப்புக்கு வந்த ஒருவரை மனைவி அழைத்து வந்தார். மாற்றுச் சிறுநீரகம் வைத்து ஓராண்டு ஆகவில்லை. “ரெண்டாங்கட்ட இவுகதான் முன்னாடி நின்னு சுத்தம் பண்ண வச்சாக. தூசி ஒத்துக்கல, அவ்வளவுதான் டாக்டர்” என்றார் ஆச்சி. காய்ச்சல் 99.4. ஸ்டீராய்டு காய்ச்சலையும் அமுக்கிவிடும் என்பதால் அந்த எண்ணை நான் நம்பவில்லை. வறட்டு இருமல், மூச்சை இழுத்தால் வலது விலாவில் சுருக்கென்று குத்தல். எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றுமில்லை. சி.டி. ஸ்கேனில் நுரையீரலில் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தது. மாற்று அறுவை செய்த மருத்துவமனையோடு பேசி அன்றே அனுப்பிவைத்தோம். நல்லவேளை, பூஞ்சை நுரையீரலோடு நின்றிருந்தது.

நிற்காமல் போவதும் உண்டு. ஆஸ்பர்ஜில்லஸ் ரத்தக்குழாய்ச் சுவரைத் துளைத்து உள்ளே நுழையும். ரத்தத்தோடு போய் இதயத் தசையிலோ வால்விலோ தங்கும். வால்வில் வளரும் பூஞ்சைத் திரள் உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். காலுக்குப் போனால் கால் திடீரெனச் சில்லிட்டு மரத்துப்போகும். அந்த நிலையில் மருந்து மட்டும் போதாமல் வால்வு அறுவையும் தேவைப்படலாம்; உயிர் பிழைப்பவர்கள் குறைவு. ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையிலும் இந்தப் பூஞ்சை பெரும்பாலும் வளராது. ஆகவே ‘கல்ச்சர் நெகட்டிவ்’ என்ற தாளோடு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடாதீர்கள். சந்தேகம் இருந்தால் இதயத்தை எக்கோ ஸ்கேனில் பார்த்தே ஆக வேண்டும், தேவைப்பட்டால் உணவுக்குழாய் வழியாகவும். கேண்டிடா என்ற மற்றொரு பூஞ்சை இதயத்துக்கு வரும் வழி வேறு: கழுத்து ரத்தக்குழாயில் பல நாள் விட்டுவைக்கும் டியூப்.

இன்னொன்றும் என்னைக் கவலைப்பட வைக்கிறது. படர்தாமரைக்கு இட்ராகோனசோல் மாத்திரையைச் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கிவிடுகிறார்கள். அது ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றி, மாற்றுச் சிறுநீரகத்தையே கெடுக்கும். இதயம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் அதன் பம்ப் செய்யும் வலுவையும் குறைக்கும். அரிப்புதானே என்று நினைக்காமல் முதலில் எங்களிடம் காட்டுங்கள்.

வீடு கழுவிக் காய்ந்து, நன்றாகக் காற்றோட்டம் விட்ட பிறகு மாற்று உறுப்புக்காரர் வரட்டும். அதுவரை பங்காளி வீட்டிலோ லாட்ஜிலோ தங்கட்டும். முகக்கவசம் போட்டிருக்கிறேன் என்று ஒட்டடை அடிக்க நிற்க வேண்டாம். இருமலோ லேசான காய்ச்சலோ தலைவலியோ வந்தால் மறுநாளைக்குத் தள்ளாதீர்கள். எந்த வீட்டில், என்ன வேலை நடக்கும்போது இருந்தீர்கள் என்பதை, டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.