மலை நகரமும் மருந்தின் கடிகாரமும்

2016 ஆகஸ்ட் 15 அன்று ஹண்டிங்டன் நகரத்து ஆம்புலன்ஸ்காரர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், அப்பலாச்சியன் மலைப்பகுதியின் ஓரமாக ஒஹையோ ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் அது. மக்கள்தொகை ஐம்பதாயிரத்துக்குள். அன்று பிற்பகலில் வரத் தொடங்கிய அழைப்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன: ஆள் சுருண்டு கிடக்கிறார், உதடு நீலம் பாரித்திருக்கிறது, கூப்பிட்டால் அசைவில்லை. இருபது பேருக்குக் குறையாமல் விழுந்தார்கள். ஹெராயின் என்று நினைத்து எடுத்ததில், அதைவிடப் பல மடங்கு வீரியமான ஃபென்டனைல் இனத்து வேதிப்பொருள்கள் கலந்திருந்தன. பெரும்பாலோர் பிழைத்துக்கொண்டார்கள், நாலோக்சோன் என்ற மருந்தின் புண்ணியத்தில்.

பிழைத்தவருக்கு அடுத்த நாள் என்ன நடக்கிறது? எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அது புரிய வேண்டுமானால் மூளைத்தண்டு வரை ஒருமுறை போய்வர வேண்டும்.

நம் உடம்பே ஓபியாய்டு, அதாவது அபின் வகை வேதிப்பொருள், தயாரிக்கிறது. எண்டார்ஃபின், என்கெஃபலின் போன்றவை வலியையும் பதற்றத்தையும் தணிக்க அளவோடு சுரப்பவை. நரம்பணுக்களின் மேல் இவை வந்து உட்காரும் இடங்களில் ஒன்று 'மியூ' ஏற்பி. மார்ஃபின், ஹெராயின், ஆக்சிகோடோன், ஃபென்டனைல் எல்லாம் குறிவைப்பது அதே இருக்கையைத்தான். சுவாசத்தின் தாளத்தை நடத்தும் நரம்பணுக்களிலும் இந்த ஏற்பி இருப்பதால், அளவு மீறும்போது முதலில் மூச்சு அடங்குகிறது. இதயம் நிற்பது அதற்குப் பிறகு. நாலோக்சோன் ஏற்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்திருப்பதை வெளியே தள்ளுகிறது. தானாக எதுவும் செய்யாமல் இடத்தை மட்டும் அடைத்துக்கொள்கிறது. சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். ஆனால் அதன் பிடி அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரைதான். போதை மருந்து உடம்பில் அதற்கு மேலும் மிச்சமிருந்தால் மறுபடி மூச்சு தடுமாறலாம்.

இப்படி எழுப்பப்பட்டவர் கையெடுத்துக் கும்பிடுவார் என்று நினைக்காதீர்கள். வாந்தி எடுப்பார், நடுங்குவார், எழுப்பியவரைத் திட்டவும் செய்வார். மூளைத்தண்டில் லோக்கஸ் செரூலியஸ் என்று ஒரு சின்னப் பகுதி உண்டு. உடலை விழிப்பாகவும் உஷாராகவும் வைக்கும் நார்அட்ரினலின் அங்கிருந்துதான் மூளைக்குப் போகிறது. ஓபியாய்டு அதை அமுக்குகிறது. தினமும் அமுக்கினால் அந்த அணுக்கள் சும்மா இருப்பதில்லை, ஈடுகட்ட எதிர்த்திசையில் பலமாக இழுக்கப் பழகுகின்றன. கயிறு இழுக்கும் போட்டியில் எதிரணி சட்டென்று கயிற்றை விட்டால் என்ன ஆகும்? மல்லாந்து விழ வேண்டியதுதான். கண்மணி விரிகிறது, மயிர் சிலிர்க்கிறது, மூக்கு ஒழுகுகிறது, வயிறு போகிறது, கால்கள் உதறிக்கொண்டே இருக்கின்றன. ஹெராயின் எடுப்பவருக்குக் கடைசி ஊசி போட்ட 6 முதல் 12 மணி நேரத்துக்குள் இது ஆரம்பித்துவிடும். நாட்கள் போகப்போக அவர் சுகத்துக்காக எடுப்பது குறைந்து, இந்தக் கடிகாரத்துக்குப் பயந்து எடுப்பதே மிஞ்சுகிறது.

மலைப்பகுதிக்கு இந்தக் கடிகாரம் மாத்திரை வடிவில்தான் முதலில் வந்தது. சுரங்கத்திலும் மரம் வெட்டும் வேலையிலும் முதுகு ஒடிந்தவர்கள் நிறைந்த பகுதி. 1996-ல் ஆக்சிகோடோன் அடங்கிய ஆக்சிகான்டின் என்ற வலி மாத்திரை சந்தைக்கு வந்தபோது, ஒரு மாத்திரை 12 மணி நேரம் வலியை அடக்கும் என்றார்கள். பலருக்கு அதற்கு முன்பே தீர்ந்துபோனது. பொடித்து எடுத்தால் 12 மணி நேரத்துக்கான மருந்து ஒரே மூச்சில் உள்ளே போனது. 2010-ல் பொடிக்க முடியாதபடி மாத்திரையை மாற்றினார்கள். பழகிய மூளையை யார் மாற்றுவது? பலர் ஹெராயினுக்குப் போனார்கள், அதன் இடத்தை அப்புறம் ஃபென்டனைல் பிடித்தது.

சரி, ஒரு மாதம் எங்காவது அடைத்துவைத்து உடம்பைச் சுத்தம் செய்தால் போதாதா? குடும்பங்கள் கேட்கும் முதல் கேள்வி இது, பதில் சங்கடமானது. மருந்தைத் தாங்கும் திறன் சில வாரங்களில் வடிந்துவிடும். ஏக்கத்தைப் பதிவு செய்துவைத்த மூளைச் சுற்றுகள் அவ்வளவு சீக்கிரம் மறக்காது. முப்பது நாள் கழித்து வெளியே வருபவர் பழைய அளவையே எடுத்தால், முன்பு போதை தந்த அளவு இப்போது உயிரை எடுக்கும். சிறையிலிருந்து வெளிவந்த முதல் சில வாரங்கள் ஆபத்தானவையாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

ஆகவே கடிகாரத்தை மெதுவாக ஓடவிடும் மருந்துகள் வந்தன. 1960-களில் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் மெத்தடோனைப் பயன்படுத்திக் காட்டினார்கள். அதுவும் முழு ஓபியாய்டுதான், ஆனால் ஒரு வேளை குடித்தால் ஒரு நாள் தாங்கும். ரத்தத்தில் அளவு மேடுபள்ளமில்லாமல் இருப்பதால் உச்சமும் இல்லை, நடுக்கமும் இல்லை. 'ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை' என்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. ஆளைக் கெடுப்பது அந்த ஏற்ற இறக்கம்தான், அது போய்விட்டால் மனிதர் வேலைக்குப் போகலாம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடலாம்.

சிக்கல் சாலையில் இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி அடிமைத்தன சிகிச்சைக்கான மெத்தடோனைச் சாதாரண மருந்துக்கடையில் வாங்க முடியாது. தனி அனுமதி பெற்ற மையத்துக்குப் போய், ஆரம்ப காலத்தில் அனேகமாகத் தினமும், செவிலியர் முன்னால் குடிக்க வேண்டும். மேற்கு வர்ஜீனியா 2007-ல் புதிய மையங்களுக்குத் தடை போட்டது. மாநிலம் முழுக்க ஒன்பதோடு நின்றது. கார் இல்லாதவர், காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் போகிறவர், பனி கொட்டும் மலைச்சாலை என்று யோசித்துப் பாருங்கள். மருந்து ஒரு நாள் தாங்குகிறது, ஆள் தினமும் அவ்வளவு தூரம் தாங்க வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் விதிகளை 2024-ல் மத்திய அரசு தளர்த்தியது; நிலைத்துவிட்டவர்கள் 28 நாள் அளவு வரை எடுத்துச் செல்லலாம்.

மலை ஊர்களுக்கு என் கணிப்பில் இன்னும் பொருத்தமானது ப்யூப்ரெனார்ஃபின். அது ஏற்பியில் இறுக்கமாக உட்காரும், ஆனால் பாதி வேலைதான் செய்யும். ஒரு எல்லைக்கு மேல் அளவைக் கூட்டினாலும் சுவாசத்தை அதற்கு மேல் பெரிதாக அமுக்காது. (தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.) பெரும்பாலும் நாக்குக்கு அடியில் வைக்கும் மெல்லிய பட்டையாகக் கிடைக்கிறது. விழுங்கினால் கல்லீரல் பெரும்பகுதியை அழித்துவிடும். அதனால் பேசாமல், எச்சில் விழுங்காமல், கரையும்வரை சில நிமிடம் காத்திருக்க வேண்டும். பட்டையில் கொஞ்சம் நாலோக்சோனும் கலந்திருக்கும். நாக்கடியில் அது ஏறக்குறைய உறிஞ்சப்படாது. யாராவது கரைத்து ஊசியில் ஏற்றினால் மட்டும் முழித்துக்கொண்டு வேலையைக் காட்டும்.

தொடங்குவதில்தான் நுணுக்கம். ஹெராயின் ஏற்பியில் நிறைந்திருக்கும்போதே இதை வைத்தால், அதை வெளியேற்றிவிட்டுப் பாதி வேலை மட்டும் செய்யும், அரை மணியில் கடும் நடுக்கம் வரும். ஆகவே நடுக்கம் தானாகத் தொடங்கும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். ஃபென்டனைல் கொழுப்பில் தங்கி மெதுவாகக் கசிவதால் இந்தக் கணக்கும் இப்போது குழம்பியிருக்கிறது. முன்பு இதை எழுதித்தர மருத்துவருக்குத் தனி அனுமதி வேண்டியிருந்தது. 2022 டிசம்பர் இறுதியில் வந்த சட்டம் அதை நீக்கியது. இனி சாதாரணக் குடும்ப மருத்துவரே எழுதலாம், எழுத மனம் வைத்தால். மாதம் ஒருமுறை போடும் ஊசியும் 2017-லேயே அனுமதி பெற்றுவிட்டது. மலையேறி வரவேண்டியது மாதத்துக்கு ஒரு தடவை.

நால்ட்ரெக்சோன் ஊசியும் மாதாந்திரம்தான், அதில் ஓபியாய்டே இல்லை, ஏற்பியைப் பூட்டிவைக்கும். ஆனால் போடுவதற்கு முன் 7 முதல் 10 நாள் எதையும் தொடாமல் இருக்க வேண்டும். பலர் அந்த வாசலைத் தாண்டுவதில்லை.

ஹண்டிங்டனில் 2017 டிசம்பரில் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். அளவு மீறிப் பிழைத்தவரின் வீட்டுக் கதவை ஒரு சிறு குழு 72 மணி நேரத்துக்குள் தட்டும்: ஒரு துணை மருத்துவர், ஒரு காவலர், ஒரு சிகிச்சைப் பணியாளர், சில சமயம் ஒரு மதகுரு. ஹெராயினை நிறுத்தியபின் வரும் நடுக்கத்தின் உச்சம் முதல் மூன்று நாட்களுக்குள் வருவது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த 72 மணி நேரம் பொருத்தமாகவே இருக்கிறது. கதவைத் திறப்பவர் முந்தாநாள் மூச்சு நின்றவர், இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கலாம். அடுத்த ஊசி எங்கே கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். அடுத்த மருத்துவர் எங்கே என்பதை இந்தக் குழு சொல்கிறது. வேண்டாம் என்றால் மறுபடி வருகிறார்கள்.