டோகமாக் விளிம்பு பிளாஸ்மா: கணினி தரும் விடையை நம்பும் முன்

சென்னையில் அணு ஆற்றல் என்றதும் கல்பாக்கம்தான் நினைவுக்கு வரும். அங்கே நடப்பது அணுப்பிளவு. அணு இணைவுப் பக்கம் வரும் நம் பொறியியல் மாணவர்கள், பிளாஸ்மாவை (மின்னேற்றம் பெற்ற வாயு) வளைய வடிவக் காந்தப்புலத்தில் அடைத்துவைக்கும் டோகமாக் உலையின் மையத்து 15 கோடி டிகிரியைப் பற்றியே பெரும்பாலும் கேட்கிறார்கள். ஆனால் உலைச் சுவர் பிழைக்குமா என்பது விளிம்பில்தான் முடிவாகிறது.

பிரான்ஸில் கட்டப்பட்டுவரும் ஈட்டர் (ITER) டோகமாக் உலை 500 மெகாவாட் இணைவுத் திறனை எட்டும்போது, சுமார் 100 மெகாவாட் செபரட்ரிக்ஸ் எல்லையை, அதாவது மூடிய காந்தக்கோடுகள் முடியும் இடத்தை, தாண்டி வெளியேறும். அது பாயும் அடுக்கின் அகலம், இன்றைய கருவிகளின் அளவீடுகளை வைத்துக் கணித்தால், ஏறத்தாழ 1 மி.மீ. இந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் டைவர்ட்டர் என்ற பகுதியின் டங்ஸ்டன் தகடுகளோ சதுர மீட்டருக்கு 10 மெகாவாட்டைத் தொடர்ந்தும், 20 மெகாவாட்டைச் சிறிது நேரமும் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. அதனால்தான் நியான் செலுத்தி ஆற்றலைக் கதிர்வீச்சாகச் சிதறடித்து, தகட்டருகே எலக்ட்ரான் வெப்பநிலையை 5 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (ஓர் எலக்ட்ரான் வோல்ட் சுமார் 11,600 டிகிரி) கீழே இறக்கப் பார்க்கிறார்கள்.

இதைக் கணிக்க சால்ப்ஸ்-ஈட்டர் (SOLPS-ITER) போன்ற இருபரிமாண நிரல்கள் உண்டு. அவற்றைத் திறக்கும் முன், காந்தக்கோட்டின் மேல்முனை (தகட்டிலிருந்து தொலைவில் உள்ள முனை), தகடு என்ற இரண்டு இடங்களை மட்டும் இணைக்கும் இரு-புள்ளி மாதிரியைத் தாளில் போட்டுவிடுங்கள். காந்தக்கோடு வழியே சதுர மீட்டருக்கு 100 மெகாவாட், கோட்டின் நீளம் 50 மீட்டர் என்றால், மேல்முனை வெப்பநிலை 100 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி வரும். வெப்பப் பாய்வை இரட்டித்தாலும் அது 22 சதவீதம்தான் ஏறும். வெப்பக் கடத்துதிறன் வெப்பநிலையின் 5/2 அடுக்கில் வளர்வதே காரணம். மாறாக, மேல்முனை அடர்த்தியை இரட்டித்தால் தகட்டு வெப்பநிலை கால்பங்காகும். கதிர்வீச்சு இழப்பு இல்லாத எளிய நிலைக்கு இது பொருந்தும். நிரலின் விடை இதிலிருந்து விலகினால், ஏன் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

பெரிய தடுமாற்றம் காந்தக்கோடுகளுக்குக் குறுக்குவாட்டுப் பரவல் குணகங்களில். கொந்தளிப்பை நிரல் கணக்கிடுவதில்லை. துகளுக்கு நொடிக்கு 0.3 சதுர மீட்டர், வெப்பத்துக்கு 1 என்று நாமே கொடுக்கிறோம். அதைத் திருகி ஒரு ப்ரோப் (பிளாஸ்மாவைத் தொட்டு அளக்கும் மின்முனை) வளைகோட்டோடு பொருத்துவது சுலபம். அது முன்கணிப்பு ஆகாது. மேல்முனையில் தாம்சன் சிதறல் (லேசர் ஒளியால் அளக்கும் முறை), தகட்டில் லாங்முயர் ப்ரோப், அகச்சிவப்புக் கேமரா மூன்றுக்கும் ஒரே குணகங்கள் ஒத்துவர வேண்டும்.

மறுசுழற்சிக் குணகத்திலும், அதாவது சுவரில் மோதும் துகள்களில் திரும்பி வரும் பங்கிலும், கவனம் தேவை. 0.99-ஐ 0.98 ஆக்குவது அற்ப மாற்றமாகத் தோன்றும். உண்மையில் சுவர் விழுங்கும் துகளின் பங்கு இரட்டிப்பாகி, அடர்த்தியே மாறிவிடும்.

நடுநிலைத் துகள்களை நிரலின் ஐரீன் என்ற பகுதி, தற்செயல் எண்களை வைத்துக் கணக்கிடும் மான்டி கார்லோ முறையில் கையாள்வதால் சிறு இரைச்சல் எப்போதும் இருக்கும். எச்சப்பிழை (சமன்பாடுகளில் மீந்திருக்கும் பிழை) பூஜ்யத்தை நோக்கி இறங்கிக்கொண்டே போகாது. ஆகவே வரைபடம் அசையவில்லை என்பதற்காக ஓட்டத்தை நிறுத்தாதீர்கள். உள்ளே வந்த வாயுவும் மையத்திலிருந்து வந்த துகளும் பம்பும் சுவரும் இழுத்ததற்குச் சமமா, தகடு, சுவர், கதிர்வீச்சு மூன்றும் சேர்ந்து உள்ளீட்டுத் திறனைத் தருகிறதா என்று கூட்டிப் பாருங்கள். ட்ரிஃப்டுகளை (மின், காந்தப் புலங்களால் துகள்கள் குறுக்கே நகர்வது) அணைத்துவிட்டு ஓட்டினால் வேகமாக முடியும். ஆனால் உள், வெளி டைவர்ட்டர்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வு பெரிதும் தவறாக வரும்.

டோகமாக்கைச் சுற்றி ஓரிடத்தில் மட்டும் நிற்கும் லிமிட்டரை (பிளாஸ்மாவின் விளிம்பைத் தடுத்து நிறுத்தும் திடத் துண்டு) ஆராய்வதென்றால் இருபரிமாண நிரலே வேண்டாம். ஈஎம்சி3-ஐரீன் போன்ற முப்பரிமாண நிரலுக்குப் போங்கள்.