குருத்தணு: எலும்புப் பக்கம் வந்தால் இடறும் சொல்

"எலும்பு முறிவுக்குக் குருத்தணுச் சிகிச்சை" என்று எழுதிக் காட்டினால், "குருத்தெலும்புக்கா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள்மேல் தப்பில்லை. காது மடலிலும் மூக்கு நுனியிலும் வளைந்துகொடுக்கிறதே, அது குருத்தெலும்பு. குருத்தணு என்பது ஸ்டெம் செல், அதாவது தானும் பெருகிக்கொண்டு வேறு வகைச் செல்களையும் ஆக்கும் செல். இரண்டுக்கும் ஒரே குருத்து.

மூலச் சொல் ஜெர்மன். 1868-இல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்ற உயிரியலாளர் 'ஸ்டாம்செல்லே' என்று எழுதினார். ஸ்டாம் என்றால் அடிமரம். குலம், மரபு என்றும் பொருள். பலசெல் உயிர்களுக்கெல்லாம் மூதாதையான ஒற்றைச் செல் உயிரைத்தான் அவர் முதலில் அப்படி அழைத்தார். பிறகு கருவுற்ற முட்டையையும். ஆக, அந்தச் சொல்லுக்குள் இருப்பது செடியின் தண்டு அல்ல, நம் 'கொடிவழி'யில் இருக்கும் அதே வம்ச நினைப்பு.

இது தெரியாமல், ஆங்கிலத்தில் ஸ்டெம் என்றால் தண்டுதானே என்று 'தண்டணு' எனப் பெயர்த்தால் வாசகர் தண்டுவடத்துக்குப் போய்விடுவார். 'மூல உயிரணு' ஹெக்கலின் கருத்துக்கு நெருக்கம்தான். ஆனால் மருத்துவக் கட்டுரையில் 'மூலச் சிகிச்சை' என்று சுருங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. என் ஓட்டு குருத்துக்கே. வாழையிலும் பனையிலும் புது இலை எல்லாம் நடுக்குருத்திலிருந்துதான் வருகிறது. பனையில் குருத்து அழுகினால் மரமே போயிற்று. தானும் தீராமல் புதியதையும் தந்துகொண்டே இருப்பதுதானே ஸ்டெம் செல்லின் இலக்கணம்? 'அணு' மட்டும் கொஞ்சம் உறுத்தும், இயற்பியல்காரர்கள் அதை முன்பே எடுத்துக்கொண்டார்கள். குருத்துச் செல் என்றால் அந்தச் சிக்கலும் இல்லை. செல்லைக் கலம் என்று சொல்லும் இலங்கை வாசகர் குருத்துக்கலம் என்று எழுதிக்கொள்ளலாம்.

சரி, எலும்புக்கு வருவோம். தோலில் வெட்டு ஆறினால் தழும்பு நிற்கும். எலும்பு அப்படியில்லை, பழைய எலும்பாகவே திரும்ப வளர்கிறது. முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைந்து கட்டுகிறது. எலும்பைப் போர்த்திய சவ்விலிருந்தும் உள்ளே மஜ்ஜையிலிருந்தும் குருத்துச் செல்கள் அங்கே வந்து சேர்கின்றன. பல முறிவுகளில் அவை முதலில் ஆக்குவது என்ன தெரியுமா? குருத்தெலும்பு! அந்த மெத்தென்ற பாலம்தான் பிறகு சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டி எலும்பாகிறது. சொல்லில் நாம் குழப்பிக்கொண்டதை உடம்பு உண்மையாகவே செய்கிறது.

இதைத்தான் பேச்சில் 'எலும்பு கூடிவிட்டது' என்கிறோம். சில முறிவுகள் கூடுவதில்லை. சில இடங்களில் கட்டியாலோ விபத்தாலோ எலும்பே ஒரு துண்டு போயிருக்கும். அங்கே இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி, சுழற்றிச் செறிவாக்கி, காயத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். மஜ்ஜைச் செல்களில் பத்தாயிரத்துக்கு ஒன்று இந்த வகை தேறினாலே அதிகம், அதனால்தான் செறிவாக்கும் பாடு. செல்கள் பிடித்து வளர, கட்டடத்துக்குக் கட்டுவதுபோல ஒரு சாரமும் வேண்டும். கால்சியம் பாஸ்பேட் போன்ற பொருள்களில் செய்கிறார்கள். இதற்கு 'எலும்பு மீளாக்கம்' பொருந்தும். எலும்புத் துண்டையே எடுத்து வைத்து ஒட்டும் 'எலும்பு ஒட்டுதல்' வேறு வேலை.

மஜ்ஜைக்குள் எலும்பு ஆக்கும் செல் இருப்பதைக் காட்டியவர் சோவியத் விஞ்ஞானி அலெக்சாண்டர் ஃபிரீடென்ஸ்டைன். 1991-இல் அவற்றுக்கு 'மெசென்கைமல் ஸ்டெம் செல்' என்ற பெயரைப் பரப்பிய அமெரிக்க உயிரியலாளர் ஆர்னால்டு கேப்லனே, 2017-இல் அந்தப் பெயரை மாற்றுங்கள் என்று எழுதினார். உடம்புக்குள் செலுத்தினால் அவை புதுத் திசுவாக மாறுவதைவிட, சுற்றியுள்ள செல்களுக்குச் சமிக்ஞை அனுப்புவதுதான் முக்கிய வேலை என்பது அவர் வாதம். பெயரைப் பரப்பியவருக்கே அந்தத் தடுமாற்றம் என்றால் நாம் தடுமாறுவதில் வியப்பில்லை.

அப்புறம் மஜ்ஜை. வடசொல் வேண்டாமே என்று தேடினால் சித்த மருத்துவம் ஏழு உடல் தாதுக்களில் எலும்பை அடுத்து வைக்கும் சொல் கிடைக்கிறது: 'மூளை'. ஆனால் "இடுப்பு மூளையிலிருந்து குருத்தணு எடுத்தார்கள்" என்று எழுத எனக்குத் துணிவில்லை. மஜ்ஜையே இருக்கட்டும்.